கேசினோ வந்ததால குதிரை ரேஸ் அழியுதா, இல்ல கேசினோ காசுலதான் ரேஸ் ஓடுதா?

காட்பாடி_கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா பையன் அமெரிக்காவுல பிலடெல்பியா பக்கம் பென்சேலம்னு ஒரு ஊர்ல இருக்கான், அங்க பார்க்ஸ்னு ஒரு ரேஸ் கோர்ஸ், அதோட ஒட்டுனாப்ல பெரிய கேசினோ. போன வாரம் ரேஸ் நடக்கும்போது வீடியோ கால் போட்டு காமிச்சான். குதிரைங்க ஓடுது, கமென்ட்ரி ஓடுது, ஸ்டாண்டுல ஆளே இல்ல, வயசானவங்க கொஞ்ச பேர் ஆளுக்கொரு மூலைல உக்காந்துனு இருக்காங்க. ஆனா அன்னிக்கு சாதாரண ரேஸுக்கே பரிசு பல்லாயிரம் டாலர்ங்கறான். கேசினோ பக்கம் கேமராவ திருப்புனா பார்க்கிங்ல இடமே இல்ல.

எனக்கு புரியாதது இதுதான். கேசினோ வந்ததாலதான் ரேஸ் கோர்ஸ் எல்லாம் நஷ்டமாகி மூடுதுனு எங்க படிச்சாலும் போட்டிருக்கு, அப்படின்னா பக்கத்துலயே கேசினோ இருக்கற எடத்துல இவ்ளோ பரிசு பணம் எங்கேருந்து வருது? ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?

நான் கேக்கறதுக்கு காரணம் இருக்கு. எங்க சித்தப்பா ரொம்ப வருஷம் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு குதிரைமசால் தீவன லோடு அடிச்சவரு, அவருக்கு பழக்கமான திமிரி பக்கத்து அண்ணன் ஒருத்தரு சின்ன வயசுலேருந்தே அங்க சைஸ் வேலை, அதான் குதிரைய பராமரிக்கற வேலை. கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசாங்கம் சீல் வெச்சதுலேருந்து அவரு அடுத்து எங்க போறதுனு தெரியாம கீறாரு. நம்ம ஊர்ல கேசினோவே கிடையாது, அப்ப இங்க ரேஸ் ஏன் தேயுது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

சத்துவாச்சாரி_சேகர்:
தம்பி கார்த்தி, ரெண்டுமே உண்மைதான்பா. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுமையா படி.

முதல்ல ரேஸ்ல காசு எப்படி சுத்துதுனு புரிஞ்சிக்கணும். டோட்ல, அதான் கிளப்போட பெட் கவுன்டர்ல, நீ போடற பணம், நான் போடற பணம் எல்லாம் ஒரே பூல்ல சேருது. அதுலேருந்து கிளப்பும் அரசாங்கமும் தன் பங்க எடுத்துக்கினு மீதிய ஜெயிச்சவங்களுக்கு பிரிச்சி குடுக்கறாங்க. குதிரைங்களுக்கு பரிசு பணமும் அந்த கிளப் பங்குலேருந்துதான் வரணும். அமெரிக்காவுல இந்த பிடித்தம் ஒரு குதிரை முதல்ல வரும்னு போடற வின் பெட்டுக்கு 100க்கு 16, 17 வரும், நாலஞ்சு குதிரைய சேத்து போடற பெட்டுக்கு 20, 25 வரைக்கும் போவும். ஸ்லாட் மெஷின் சராசரியா 100க்கு 8, 10 தான் புடிக்கும். பொத்தான அமுக்கினா சில செகண்டுல ரிசல்ட், மறுபடி அமுக்கு, மறுபடி அமுக்குனு ஓடிக்கினே இருக்கும், அதனால ஒரு மணி நேர கணக்குல பாத்தா மெஷின்தான் அதிகமா உறிஞ்சும், ஆனா உக்காந்தவனுக்கு அது தெரியாது, நம்ம காசு ரொம்ப நேரம் நின்னு ஆடுதுனு நெனைச்சிக்குவான். ரேஸ்ல ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அரை மணி நேரம். அந்த அரை மணில புக்க படிக்கணும், போன தடவ எந்த எடையோட எத்தினி மீட்டர் ஓடுச்சி, எந்த ஜாக்கி, தரை ஈரமா காய்ஞ்சிருக்கானு எல்லாத்தையும் யோசிக்கணும். அதுலதான் ருசியே. ஆனா புதுசா வர்றவனுக்கு அந்த பொறுமை எங்க இருக்கு.

ரெண்டாவது செலவு. மெஷினுக்கு கரண்ட் குடுத்தா போதும். குதிரை ரேஸ் இருக்கற நாளும் தின்னும், இல்லாத நாளும் தின்னும். டிராக்க தெனம் உழுது தண்ணி அடிச்சி சமம் பண்ணணும், டாக்டர் வேணும், ஆம்புலன்ஸ் வேணும், மருந்து டெஸ்ட் லேப் வேணும், ஸ்டார்ட்டிங் கேட்டுக்கு ஆளுங்க வேணும்.

ரொம்ப காலம் அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல சட்டப்படி காசு வெச்சி ஆட ரேஸ் கோர்ஸ் ஒண்ணுதான் வழி. அந்த தனி உரிமைலதான் அவ்ளோ பெரிய ஸ்டாண்டெல்லாம் கட்டினாங்க. 1964ல நியூ ஹாம்ப்ஷயர்ல அரசாங்க லாட்டரி ஆரம்பிச்சாங்க, 1978ல நியூ ஜெர்சி அட்லாண்டிக் சிட்டில கேசினோ வந்துச்சி, அப்பால ஒவ்வொரு மாநிலமா. அதே நியூ ஜெர்சில கார்டன் ஸ்டேட் பார்க் ரேஸ் கோர்ஸ 2001ல மூடிட்டாங்க, அட்லாண்டிக் சிட்டி ரேஸ் கோர்ஸ் 2015ல மூடிட்டாங்க. அமெரிக்கா பூரா ரேஸ்ல போட்ட பெட் 2003ல 1500 கோடி டாலருக்கு மேல, 2011ல 1100 கோடிக்கும் கீழ வந்துடுச்சி, விலைவாசி ஏத்தத்த இதுல நான் சேக்கவே இல்ல.

இப்ப உன் பார்க்ஸ் கதைக்கு வரேன். ரேஸ் கோர்ஸ் படுத்துக்கும்போது மாநிலங்க ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, ரேஸ் கோர்ஸுக்குள்ளயே மெஷின் வெச்சிக்கோ, வர்ற வருமானத்துல ஒரு பங்க குதிரை பரிசுக்கு ஒதுக்குனு. வெஸ்ட் வர்ஜீனியா, அயோவா, டெலவேர்ல எல்லாம் 90கள்லயே வந்துடுச்சி, பென்சில்வேனியாவுல 2004ல சட்டம், 2006 கடைசில மெஷின் வந்துச்சி. உங்க அண்ணன் பாத்த பரிசு பணத்துல பெரும்பகுதி அந்த மெஷின்லேருந்து வருது, ஸ்டாண்டுல இருக்கறவன் போட்ட பெட்டுலேருந்து இல்ல. ரேஸ பாக்கறவனும் முக்காவாசி வீட்லேருந்து போன்ல போடறான், அதுல பெட்ட வாங்கற கம்பெனி பெரிய பங்க எடுத்துக்கும், ரேஸ நடத்தற எடத்துக்கு வர்றது ரொம்ப கொஞ்சம். ஸ்டாண்ட் காலியா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதுல ஆபத்து என்னன்னா, பணம் யார் கைலேருந்து வருதோ அவனுக்கு குதிரை தேவையில்ல. கேசினோ முதலாளி கணக்கு பாத்தா குதிரை அவனுக்கு ஒரு செலவு, அவ்ளோதான். சிகாகோ பக்கம் ஆர்லிங்டன் பார்க்னு ஒரு ரேஸ் கோர்ஸ் இருந்துச்சி, உலகத்துலயே முதல் முதலா 10 லட்சம் டாலர் பரிசு வெச்ச தரோபிரெட் (ரேஸுக்குனே வளக்கற குதிரை ஜாதி) ரேஸ் 1981ல அங்கதான் ஓடுச்சி. 2019ல இலினாய்ஸ் மாநிலம் ரேஸ் கோர்ஸுக்குள்ள கேசினோ வெச்சிக்கலாம்னு சட்டமே போட்டு குடுத்துச்சி. அந்த கோர்ஸோட முதலாளி சர்ச்சில் டவுன்ஸ் கம்பெனி, அமெரிக்காவுலயே பேர் போன கென்டக்கி டெர்பி ரேஸ நடத்தறாங்களே அதே கம்பெனி, வேணாம்னுட்டாங்க. ஏன்னா அந்த பக்கத்துலயே இன்னொரு கேசினோல அவங்களுக்கு பெரும் பங்கு, அதுல பரிசு பணம் ஒதுக்கற தொல்லை கிடையாது. 2021 செப்டம்பர்ல கடைசி ரேஸ், 2023ல நிலத்த 19.7 கோடி டாலருக்கு ஒரு ஃபுட்பால் டீமுக்கு வித்துட்டாங்க. டெர்பி நடத்தற கம்பெனியே இத பண்ணா மத்தவங்கள என்ன சொல்ல? இத படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுபா.

ராணிப்பேட்டை_ரேவதி:
சேகர் அண்ணா சொன்னது அமெரிக்க கதை. நம்ம ஊர் கதைக்கு வரி பக்கத்த யாராவது சொல்லணுமேன்னு எழுதறேன், நான் ஜிஎஸ்டி ஃபைலிங் வேலைதான் பாக்கறேன்.

நம்ம நாட்டுல கேசினோ கோவா, சிக்கிம் மாதிரி சில எடத்துலதான். ஆனா ரேஸுக்கும் கேசினோவுக்கும் போட்டியே இல்லைன்னு நெனைக்காதீங்க, சட்டத்துலயே ஒரு சாய்வு இருக்கு. 2017லேருந்தே ரெண்டுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22லேருந்து ரெண்டுக்கும் 40 சதவீதம். பாக்க ஒண்ணா தெரியும். ஆனா கேசினோல நீங்க சிப்ஸ் வாங்க உள்ள குடுக்கற பணத்து மேலதான் வரி, ஜெயிச்ச பணத்த திரும்ப வெச்சி ஆடுனா அதுக்கு மறுபடி வரி கிடையாது. குதிரை ரேஸ்ல ஒவ்வொரு பெட்டுக்கும் முழு முகமதிப்பு மேல வரி. முதல் ரேஸ்ல ஜெயிச்ச காச ரெண்டாவது ரேஸ்ல போட்டா மறுபடி வரி, மூணாவதுல போட்டா மறுபடி வரி. இது போக ஜெயிச்சது ஒரு அளவுக்கு மேல போனா 30 சதவீதம் டிடிஎஸ். சாயங்காலம் வரைக்கும் நல்லா கணிச்சி ஜெயிச்சவன் கூட வெறுங்கையோட வெளிய வருவான்.

நடுவுல 2021ல கர்நாடகா ஹைகோர்ட், டோட்ல கிளப் எடுக்கற கமிஷன் மேல மட்டும்தான் வரி போடணும், முழு பெட் மேல போடக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அப்புறம் 2023ல சட்டத்தையே திருத்திட்டாங்க. இவ்ளோ வரி இருந்தா என்ன ஆகும், நேர்மையா டோட்ல போடறவன் குறைவான், அதே ரேஸ வெச்சி வெளிய போன்ல பெட் வாங்கற கள்ள புக்கிகிட்ட போவான். அங்க வரியும் இல்ல, கிளப்புக்கு பைசாவும் வராது, அரசாங்கத்துக்கும் வராது, பரிசு பணத்துக்கும் வராது. யாருக்குமே லாபம் இல்லாத வரி இது. சூதாட்டத்த கட்டுப்படுத்தணும்னா அது வேற விஷயம், அத நேரா செய்யலாமே. எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

கிண்டி, ஊட்டி ரெண்டும் வாடகை கேஸ். கிண்டில 160 ஏக்கர், 1945ல 99 வருஷத்துக்கு குத்தகை, பழைய காலத்து வாடகை. மார்க்கெட் மதிப்புக்கு வாடகைய ஏத்தி, பாக்கி மட்டும் 730 கோடிக்கு மேலனு நின்னுச்சு. 2024 செப்டம்பர்ல குத்தகைய ரத்து பண்ணி சீல் வெச்சாங்க, கிளப் கோர்ட்டுக்கு போச்சு. ஊட்டில அதே வருஷம் ஜூன்லயே 52 ஏக்கர எடுத்துட்டாங்க, பாக்கி 822 கோடினு கணக்கு. கேசினோ இல்லாமலே இப்படியும் ஒரு ரேஸ் கோர்ஸ் போகும் கார்த்தி. நகரத்துக்கு நடுவுல அவ்ளோ நிலம், வருஷத்துல கொஞ்ச நாள்தான் வருமானம்.

குடியாத்தம்_அக்பர்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருக்கேன், பக்கத்து ஸ்டேஷன் கிராஞ்சி, இங்கத்த ரேஸ் கோர்ஸான டர்ஃப் கிளப், ஸ்டேஷன்ல எறங்குன உடனே எதிர்லயே இருந்துச்சு. எங்க மார்க்கத்துல பந்தயம் கூடாது, அதனால நான் பெட் போட்டது கிடையாது. ஆனா ரேஸ் நடந்த காலத்துல ஞாயித்துக்கிழமை லீவுல அந்த பக்கம் போறப்ப குதிரை பாக்க நிப்பேன், பக்கத்துல நம்ம ஆளுங்க பழைய பேப்பர விரிச்சி உக்காந்து பேனாவால வட்டம் போட்டுக்கினே இருப்பாங்க.

1842லேருந்து இருந்த கிளப். 2010ல ரெண்டு கேசினோ திறந்தாங்க, மரினா பேல ஒண்ணு செந்தோசால ஒண்ணு. அதே 2010ல ரேஸ் நாளுக்கு சராசரியா 11,000 பேர் வந்துக்கினு இருந்தாங்க, 2019ல அது 6,000 ஆயிடுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் இன்னும் மோசம். 2024 அக்டோபர் 5 கடைசி ரேஸ். நிலம் 120 ஹெக்டேர், வீடு கட்ட திரும்ப எடுத்துக்கறாங்க. அரசாங்கம் சொன்ன காரணம் நிலம்தான். ஆனா கூட்டம் குறையாம இருந்திருந்தா அவ்ளோ சுலபமா எடுத்திருப்பாங்களானு எனக்கு சந்தேகம்.

மக்காவ் தெரியுமில்ல, கேசினோவுக்குனே பேர் எடுத்த ஊர். அங்க ஜாக்கி கிளப்புக்கு 2042 வரைக்கும் ஒப்பந்தம் இருந்தும் நஷ்டம் தாங்காம அவங்களே வேணாம்னு 2024 ஏப்ரல் 1லேருந்து மூடிட்டாங்க. பக்கத்துலயே கடல் தாண்டி ஹாங்காங், அங்க கேசினோவே கிடையாது, ரேஸ், ஃபுட்பால் பெட், லாட்டரி எல்லாம் ஒரே கிளப் கைல, அங்க மட்டும் ரேஸ் ஜோரா நடக்குது. கார்த்தி பாய், உங்க கேள்விக்கு இந்த மூணு ஊரே பாதி பதில் சொல்லிடும்.

பாலாறு_பாண்டியன்:
எல்லாரும் என்னமோ கோயில் மூடுன மாதிரி வருத்தப்படறீங்க. எங்க தாத்தா ஆற்காட்டுல நல்லா ஓடுன கடைய ரேஸ்ல விட்டவரு. ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி போவாராம், திரும்பி வர்றப்ப டிக்கெட்டுக்கு கூட யார்கிட்டயாவது கை நீட்டணுமாம். எங்க பாட்டி தாலிய கழட்டி குடுத்த கதைய கேட்டு வளந்தவன் நான். 2003ல லாட்டரிய நிறுத்தினப்ப எத்தினி குடும்பம் மூச்சு விட்டுச்சுனு நம்ம ஜில்லாவுல யாரையாவது கேளுங்க. இப்ப கூட மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமா வித்துக்கினுதான் இருக்கான். கேசினோ பணம் எடுத்து ரேஸ வாழ வைக்கறதுன்னா ஒரு குடும்பத்த கெடுத்து இன்னொண்ண காப்பாத்தறதுதானே. 160 ஏக்கர்ல ஏரி வெட்டட்டும், பார்க் வைக்கட்டும், மழை வந்தா வேளச்சேரிக்காவது நல்லது.

சத்துவாச்சாரி_சேகர்:
பாண்டியன், உங்க பாட்டி கதைக்கு எங்கிட்ட பதில் இல்ல. அது உண்மை, அந்த மாதிரி ஆளுங்கள கம்மி டிக்கெட் பக்கமான செகண்ட் என்க்ளோஷர்ல நான் கண்ணால பாத்துக்கீறேன். கடைசி ரேஸ் முடிஞ்சதும் கிழிஞ்ச டிக்கெட்டுங்க தரை பூரா, அதுல ஒருத்தரு குனிஞ்சி ஒவ்வொண்ணா எடுத்து நம்பர் பாத்துக்கினு இருப்பாரு, யாராவது ஜெயிச்ச டிக்கெட்ட தெரியாம போட்டுட்டாங்களானு. அத பாத்துட்டு ரயில் ஏறினா தூக்கம் வராது.

ஆனா ஒண்ணு. 1974ல இங்க ரேஸ தடை பண்ணாங்க, 1986ல கிளப்பையே எடுத்துக்க சட்டம் போட்டாங்க, 1996ல சுப்ரீம் கோர்ட் குதிரை ரேஸ் திறமைய சேர்ந்த ஆட்டம்னு தீர்ப்பு குடுத்துச்சி. அந்த வித்தியாசம் வெறும் சட்ட வார்த்தை இல்ல. மெஷின்ல கணிக்க எதுவுமே இல்ல. குதிரை ரேஸ் நின்னு போனா அந்த காசு உண்டியல்லயா போய் விழப்போவுது, கைல இருக்கற போனுக்குத்தான் போவுது. 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் காசு ஆட்டத்துக்கு நாடு பூரா தடை சட்டம் வந்துச்சி, வந்தும் வெளிநாட்டு ஆப் லிங்க் எனக்கே மெசேஜ்ல வந்துக்கினுதான் இருக்கு.

நம்ம எருது விடற திருவிழாவ பாருங்க. பொங்கல் முடிஞ்சதும் அணைக்கட்டு பக்கம், கே.வி.குப்பம் பக்கம் ஊர் ஊரா நடக்குது. ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஒவ்வொரு மாடா விட்டு, எத்தினி செகண்டுல எல்லைக்கோட்ட தாண்டுச்சினு டைம் எடுக்கறாங்க. டோட் கவுன்டர் கிடையாது. கூட்டம் கூரை மேலயும் மரத்து மேலயும். மாட்டுக்காரன் வருஷம் பூரா தன் சாப்பாட்ட குறைச்சி மாட்டுக்கு பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வெக்கறான், ஒரு தடவ ஓட வெக்கறதுக்கு. ஓடற மிருகத்த பாக்க ஆசை மனுஷனுக்கு சூதுக்கு முன்னாடியே இருக்கு. ரேஸ் கிளப்புங்க அந்த கூட்டத்த வளக்காம பெட் கவுன்டர மட்டும் நம்புனாங்க, கவுன்டர கேசினோ எடுத்துக்கிச்சி, கைல ஒண்ணும் மிஞ்சல. என் கோவம் அவங்க மேலயும்தான்.

பாலாறு_பாண்டியன்:
அண்ணே, எருது விடற விழாவுல முட்டி சாவறவங்களும் இருக்காங்க, அத விடுங்க, ஆனா பெட்டு இல்லாம கூட்டம் வருதுங்கறது சரிதான். குதிரை மேல எனக்கு கோவம் இல்ல. அந்த சைஸ் வேலை பாக்கறவங்களுக்கு நிலத்த எடுக்கறப்பவே ஒரு வழி பண்ணியிருக்கணும், அதுல நான் உங்க பக்கம்தான்.

வாணியம்பாடி_கால்நடை:
நான் கால்நடை மருத்துவர், படிக்கும்போது பயிற்சிக்காக குதிரை லாயத்துல கொஞ்ச காலம் இருந்திருக்கேன், அதனால இத சேத்து சொல்றேன். ரேஸ் குறைஞ்சா முதல்ல அடி வாங்கறது குட்டி போடற பண்ணைங்க. வட அமெரிக்காவுல 1986ல ஒரு வருஷத்துக்கு 51,000க்கு மேல தரோபிரெட் குட்டி பொறந்துச்சு, இப்ப 20,000க்கும் கீழ. குட்டி குறைஞ்சா ஒவ்வொரு ரேஸ்லயும் ஓடற குதிரை குறையும், ஆறு குதிரை ஓடற ரேஸ்ல பெட் போட யாருக்கும் ஆர்வம் இருக்காது, பெட் குறைஞ்சா பரிசு குறையும், பரிசு குறைஞ்சா முதலாளி குதிரை வாங்க மாட்டான். ஒரு தடவ இந்த சுத்துல மாட்டுனா வெளிய வர்றது கஷ்டம். கேசினோ பணம் இத நிறுத்தல, கொஞ்சம் மெதுவாக்குச்சு. அந்த பணமும் நிரந்தரம் இல்ல, 2020ல பென்சில்வேனியா கவர்னர் குதிரை நிதியிலேருந்து 20 கோடி டாலர எடுத்து காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு குடுக்கலாம்னு சொன்னாரு, நடக்கல, ஆனா கேட்டுட்டாங்க இல்ல. பள்ளிக்கூடமா குதிரையானு கேள்வி வந்தா எந்த அரசாங்கமும் குதிரைனு சொல்லாது, சொல்லவும் முடியாது.

சைஸ் வேலை பத்தி யாரும் விவரமா எழுதல. விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்திருக்கணும். லாயத்துக்குள்ள போனதும் முதல்ல பாக்கறது தொட்டி காலியா இருக்கா, அதாவது ராத்திரி வெச்ச தீனிய தின்னுச்சா. மிச்சம் இருந்தா உடனே டிரெய்னர்கிட்ட சொல்லணும். அப்புறம் நாலு காலையும் ஒவ்வொண்ணா கையால தடவி பாப்பாங்க, முட்டிக்கு கீழ பின்பக்க தசைநாண்ல சூடு தெரியுதானு. ஒரு பெரியவர் கண்ண மூடிட்டு தடவுவாரு, இடது முன்னங்கால் லேசா சூடுன்னாரு, எனக்கு ஒண்ணும் தெரியல, ஸ்கேன்ல பாத்தா தசைநாண்ல ஆரம்ப வீக்கம். அந்த கைத்திறமைக்கு எந்த சான்றிதழும் கிடையாது. இந்த வேலை போனா அவங்கள செக்யூரிட்டி வேலைக்குத்தான் கூப்புடுவாங்க, அதுதான் எனக்கு தாங்கல.

காட்பாடி_கார்த்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் எதிர்பாக்காத அளவுக்கு விவரம் வந்துடுச்சு, சித்தப்பாகிட்ட போன்லயே படிச்சி காமிச்சேன், மருந்து லேப், ஸ்டார்ட்டிங் கேட்டு வரைக்கும் எல்லாம் சரியா சொல்லிக்கீறாங்கன்னாரு. டாக்டர் சார், அந்த திமிரி அண்ணனுக்கு வயசு அம்பது தாண்டிடுச்சு, பொண்ணு ஆற்காட்டுல காலேஜ் படிக்குது. ஊர விட்டு ரொம்ப தூரம் போவ முடியாது. வேற என்ன வழி இருக்கும்?

வாணியம்பாடி_கால்நடை:
பெங்களூரு, மைசூர், ஹைதராபாத் மூணுலயும் ரேஸ் கிளப் இருக்கு, அனுபவம் உள்ள சைஸ டிரெய்னருங்க நேரடியா எடுப்பாங்க. பெங்களூருன்னா காட்பாடிலேருந்து ரயில்ல மூணு மணி நேரம் கொஞ்சம் கூட, வாரம் ஒரு தடவ வந்து போகலாம். ஆனா அங்கயும் கிளப் நிலம, வரி எல்லாம் இதே பிரச்சனைதான், அதனால அத மட்டும் நம்ப சொல்ல மாட்டேன். குதிரை சவாரி சொல்லித்தர்ற பள்ளிங்க சென்னை ஓரத்துலயும் பெங்களூரு ஓரத்துலயும் நிறைய வந்திருக்கு, அங்க ரேஸ விட்டு வந்த குதிரைங்கதான் அதிகம், அந்த குதிரைய அமைதிப்படுத்த தெரிஞ்ச ஆள் கிடைக்காம அவங்க தவிக்கறாங்க. அவரு எத்தனை வருஷம் எந்த டிரெய்னர்கிட்ட இருந்தாரு, லாடம் அடிக்க தெரியுமா, முரட்டு குதிரைய கையாண்டிருக்காரானு ஒரு பக்கத்துல எழுதி எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க, தெரிஞ்ச ரெண்டு எடத்துல நானே பேசறேன். பழைய அடையாள அட்டை இருந்தா தூக்கி போடாம வெச்சிருக்க சொல்லுங்க.